மூன்றாவது மாடியில் மண் கிடையாது

வீடு துடைத்த அழுக்குத் தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு குளியலறை வரைக்கும் வந்த அரைச்சாமி, வாசலிலேயே நின்றுவிட்டார்.

வாளியைக் கவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. உலகத்தில் வீடு துடைக்கிற மற்றவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அரைச்சாமிக்கு மட்டும் யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் வேறு யாருக்காவது வேலை வரும் என்பது அவர் மனைவியின் அனுபவம்.

விஷயம் இதுதான். துடைக்க ஆரம்பிக்கும் முன்னால் அந்த வாளியில் அவர் ஒரு மூடி தீர்த்தம் ஊற்றியிருந்தார். சாமியார் மந்திரித்துக் கொடுத்தது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பாட்டிலில் இருப்பது. மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. கால் படாத மண்ணில்தான் ஊற்ற வேண்டும். இதை அவர் குருமடத்தில் படித்திருக்கிறார்.

குருமடத்தில் அவர் இருந்தது ஒரே வருடம். லீவுக்கு வந்த இடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே மணப்பெண்ணுக்குத் தோழியாக நின்ற பெண்ணைப் பார்த்தார். அதன்பிறகு குருமடத்துக்குப் போகும் வழி அவருக்கு மறந்துபோய்விட்டது. அந்தத் தோழிதான் இப்போது ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கும் மனைவி. திருச்சபைக்கு ஒரு சாமியார் குறைந்தார். பங்கு மக்களுக்கு ஓர் அரைச்சாமி கிடைத்தார். அந்தப் பட்டப்பெயரை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு துளி கலந்தாலும் மொத்தமும் தீர்த்தம்தான் என்பது அவர் கட்சி. அப்படியெல்லாம் இல்லை என்று இரண்டாம் வருடப் பாடத்தில் இருந்திருக்கலாம். அவர்தான் இரண்டாம் வருடம் போகவில்லையே.

இத்தனைக்கும் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடந்த தியானம். வெளியிலிருந்து வந்த சாமியார் ஒருவர் மைக்கைப் பிடித்து, “வீட்டு வேலையே ஜெபம். பாத்திரம் தேய்க்கிற தொட்டிதான் உங்கள் பீடம்” என்று பிரசங்கம் வைத்தார். கோயிலில் இருந்த மனைவிமார் எல்லாரும் திரும்பிப் புருஷன்மாரைப் பார்த்தார்கள். புருஷன்மார் எல்லாரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். அரைச்சாமி ஒருவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அறிவித்துவிட்டார்.

“இனிமே நம்ம வீடு ஒரு மடம்.”

“அது கல்யாணம் ஆன மறுநாளே எனக்குத் தெரியும். வேளைக்குச் சாப்பாடு, துவைச்ச துணி, யாரும் யாரையும் கேள்வி கேக்கிறதில்ல. மடம்தான்.”

“அதில்ல. வீட்டு வேலையெல்லாம் இனிமே நான் செய்யப்போறேன். அதுல ஒரு பரிசுத்தம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிங்க. இத்தனை வருஷமா எனக்குத் தட்டுப்படல. அலமாரிக்குப் பின்னால எங்கயாவது விழுந்திருக்கும்.”

கண்டுபிடிக்கும் நாள் சனிக்கிழமையாக அமைந்தது. அதுவும் மகளின் புதுநன்மைக்கு முந்தின நாள். முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளை. அதற்கென்று தைத்த வெள்ளை கவுன். போட்டுப் பார்க்கும்போதே அதில் பழச்சாறைச் சிந்திவிட்டாள். வேறு கவுன் கிடையாது. வேறு நாளும் கிடையாது.

தூங்கப் போகும் முன் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். “கவுனை மட்டும் மெஷின்ல போடுங்க. தனியா போடுங்க. வேற எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.”

அரைச்சாமி முதலில் பாத்திரம் தேய்த்தார். பரிசுத்தத்தைத் தேடினார். பாத்திரம்தான் தெரிந்தது. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். ஒரு தட்டு உடைந்தது. சரி, பரிசுத்தம் தானாக வராவிட்டால் நாமே ஊற்றிக்கொள்வோம் என்று பாட்டிலை எடுத்துவந்து தொட்டியில் ஒரு மூடி விட்டார். உடனே உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் டாய்லெட்டைத் தேய்க்கப் போய் அங்கேயும் ஒரு மூடி. வாளியில் ஒரு மூடி. அப்புறம்தான் இந்த யோசனை.

யோசனை வந்த வேகத்தில் ஓடிப்போய்ப் பாத்திரத் தொட்டியின் அடைப்பானை அழுத்தி மூடினார். டாய்லெட்டை யாரும் தவறிப்போய் ஃபிளஷ் பண்ணிவிடக் கூடாதே என்று மூடியை இறக்கிக் கொடிக்கயிற்றால் கட்டினார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மண்ணைத் தேடிப் புறப்பட்டார்.

மூன்றாவது மாடியில் மண் கிடையாது. மாடிப்படி இறங்கிக் கீழே வந்தால் அங்கேயும் கிடையாது. அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் மண்மேல் ஏதோ கோபம் இருந்தவர்போல வாசல்வரைக்கும் சிமெண்டைக் கொட்டியிருந்தார். கேட் ஓரமாக மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மண். அதில் வாட்ச்மேனின் ரோஜாச் செடிகள். வாட்ச்மேன் தெருக்குழாயில் பிடித்துவந்த தண்ணீரைக் கேனிலிருந்து செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் தள்ளுங்க, இதை மண்ணுல ஊத்திடுறேன்.”

வாட்ச்மேன் குனிந்து மோந்து பார்த்தார். “பினாயில் வாசனை அடிக்குதே.”

“தீர்த்தம்.”

“உங்க தீர்த்தத்துக்கு இந்த வாசனைதானா சார்?”

“கொஞ்சம் பினாயிலும் இருக்கு.”

“ஒரு சொட்டு விழுந்தாலும் செடி கருகிடும். தண்ணி விஷயத்துல மட்டும் என்கிட்ட விளையாடாதீங்க. மேல தொட்டியை நான் எப்படிப் பாத்துக்கிறேன்னு உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போகுது.”

வாட்ச்மேனுக்குத் தீர்த்தம் புதிதல்ல. போன மாதம் அரைச்சாமி குடும்பம் இங்கே குடிவந்தபோது, வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாருக்கு டார்ச் அடித்தவரே அவர்தான். அன்றைக்கு அரைச்சாமி சாமியாரைப் பாடாய்ப் படுத்தினார். “ஒரு இடம் விட்டுடாதீங்க சாமி” என்று சொல்லிச் சொல்லி செருப்பு அலமாரி, ஃபியூஸ் பெட்டி, ஃபிரிட்ஜுக்குள் முட்டை வைக்கிற தட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டித் தெளிக்க வைத்தார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துவிட்டு வெளியே வந்த சாமியார், “நீ உட்காருப்பா. மிச்சம் மீதி ஏதாவது இருந்தா நானே பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு, வாட்ச்மேனோடு வெளியே போய்விட்டார்.

அரைச்சாமி வாளியோடு மேலே ஏறினார். ஏறும்போதுதான் பால்கனி ஞாபகம் வந்தது. அங்கே மனைவி வளர்க்கும் பூந்தொட்டிகள் இருந்தன. தொட்டிக்குள் மண் இருந்தது. அதில் யார் காலும் பட்டதில்லை. ஆண்டவர் ஒரு கதவை மூடினாலும் பால்கனிக் கதவைத் திறந்து வைக்கிறார் என்று உருகிப்போய், வாளியைச் சாய்த்தார்.

பூந்தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கும் என்பதைக் குருமடத்தில் எந்த வருடத்திலும் சொல்லித்தருவதில்லை.

கீழ்வீட்டு பால்கனியில் வக்கீல் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் வக்கீல். நீலச் சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. கையில் பேப்பர் கூழாகியிருந்தது.

“என்ன தண்ணி இது?”

“பயப்படாதீங்க சார், சாதாரணத் தண்ணி இல்ல. மந்திரிச்ச தண்ணி.”

வக்கீல் ஓர் அடி பின்னால் போனார். “மந்திரிச்சதா? யாரை வெச்சு மந்திரிச்சீங்க?”

“சாமியாரை வெச்சு.”

“கோர்ட்ல எனக்குச் சாபம் விட்டவன் நிறைய. மந்திரிச்சு நேரா தலையிலயே ஊத்தினவர் நீங்க ஒருத்தர்தான். நான் என்ன சார் தப்பு பண்ணினேன் உங்களுக்கு? லிஃப்ட் விஷயத்துல ஓட்டு மாத்திப் போட்டேனே, அதுக்கா?”

“ஐயோ, இது நல்லதுக்கு மந்திரிச்சது சார். சட்டையைக் கழட்டுங்க. நான் துவைச்சு, காய வெச்சு, கையில கொண்டுவந்து தர்றேன். அந்த வேலையையும் உங்களுக்காக ஜெபமா ஒப்புக்கொடுக்கிறேன்.”

“ஜெபம் வேண்டாம். சோப்பு போடுங்க, போதும்.”

வக்கீல் பனியனோடு இறங்கிப் போனார். அரைச்சாமியின் மனசு கனத்துவிட்டது. அயலானுக்குத் தீங்கு செய்தாகிவிட்டது. பரிகாரம் உடனே செய்ய வேண்டும். மெஷினுக்குள் கவுன் தயாராகக் கிடந்தது. ‘தனியா’ என்று யாரோ ஏதோ சொன்னது காதோரம் கேட்டது. ஆனால் அன்பு என்பதே சேர்ந்திருப்பதுதானே. நீலச் சட்டையைக் கவுனோடு சேர்த்துப் போட்டார். வக்கீலின் மனசு இளகுவதற்காகத் தீர்த்தத்தில் இரண்டு மூடி விட்டார். கதவைச் சாத்திப் பட்டனை அழுத்தினார்.

மெஷின் நன்றாகத்தான் சுற்றியது. சுற்றி முடித்துத் தண்ணீரை வெளியேற்றுவதற்காகத் தொண்டையைச் செருமியபோதுதான், அதன் குழாய் எங்கே போகிறது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார்.

மெஷின் நின்றது. உள்ளே தண்ணீர் நின்றது. கதவைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் இருக்கிறவரை திறக்காத ரகம் அது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் கவுனும் சட்டையும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஊறின. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் ஒரு நீலம் மெல்லப் பரவியது.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. மனைவி எழுந்து, அரைக்கண்ணோடு நேராக டாய்லெட்டுக்குப் போனாள். அங்கே கொடிக்கயிறு இழுபடும் சத்தம் கேட்டது.

“ஏங்க.”

“சொல்லும்மா.”

“டாய்லெட்டை எதுக்குக் கட்டிப்போட்டிருக்கீங்க? ஓடிப்போயிடுமா?”

அரைச்சாமி விளக்கினார். மண், கால்படாமை, குருமடம் எல்லாம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். நர்ஸ் வேலையில் பலதரப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறாள்.

“சாமியார் என்ன சொன்னார்? வேலையே ஜெபம்னு சொன்னார். அப்புறம் பாட்டில் எதுக்கு? சர்க்கரை போட்ட காப்பியில மறுபடியும் சர்க்கரை போடுவீங்களா?”

“எனக்குத் தித்திக்கலையே.”

“கலக்காம குடிச்சா அப்படித்தான்” என்றவள், கீழ்வீட்டு வக்கீலின் மனைவியிடம் பாத்ரூம் கேட்கப் போனாள். திரும்பி வரும்போதுதான் மெஷினைப் பார்த்தாள். குனிந்து கண்ணாடியில் முகத்தை வைத்தாள்.

“உள்ள நீலமா ஏதோ தெரியுது.”

“அது வக்கீல் சார்.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையில் பத்துக் கட்டளைகளும் இருந்தன. குறிப்பாகக் கொலை செய்யாதிருப்பாயாக என்பதை அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

“தண்ணியை வெளிய விடுங்க.”

“பாவம்.”

“நாளைக்குப் பிள்ளை நீல கவுனோட போய் நிக்கிறது?”

“அதுவும் பாவம்தான். எது பெரிய பாவம்னுதான் யோசிக்கிறேன்.”

அன்று மாலை மகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். புதுநன்மைக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் போய்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லியாக வேண்டும். மகள் காலையிலிருந்தே ஒரு மூலையில் உட்கார்ந்து, அப்பா அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைவதை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், பயம் என்று அரைச்சாமி நினைத்துக்கொண்டார்.

“நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன். அங்க சாமியாரையே கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் நீங்க தயவுசெஞ்சு எதுவும் செய்யாம இருங்க. அதை ஜெபமா ஒப்புக்கொடுங்க” என்று சொல்லிவிட்டு மனைவி கிளம்பினாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது அரைச்சாமிக்கு வராது. அவர்கள் படியிறங்கிய சத்தம் அடங்கியதுமே மெஷினைச் சுற்றிச்சுற்றி வந்தார். அடியில் ஒரு சின்ன மூடி கண்ணில் பட்டது. அதைத் திறந்து தண்ணீரைப் பாத்திரங்களில் பிடித்துவிட்டால்? சாக்கடைக்கும் போகாது, கவுனும் வெளியே வரும். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு, சமையல் பாத்திரங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, மூடியைத் திருகினார்.

மூடி கழன்று கையோடு வந்தது. தண்ணீர் பாத்திரங்களைச் சட்டை செய்யவில்லை. பாத்திரங்களுக்கு மேலே பாய்ந்து, இடுக்கில் நுழைந்து, கூடத்தைப் பார்த்து நடந்தது. அவர் மூடியை மறுபடி திருகுவதற்குள் தரை முழுவதும் தீர்த்தம். மெஷினுக்குள் இன்னும் பாதி பாக்கி. கதவு அப்போதும் திறக்கவில்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். தீர்த்தத்தை மிதிக்கக் கூடாது. அரைச்சாமி ஒரு காலைத் தூக்கினார். பிறகு இன்னொரு காலையும் தூக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் மெஷின் மேலேயே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மனைவியும் மகளும் திரும்பி வந்தபோது அவர் அந்த நிலையில்தான் இருந்தார். பீடத்தின்மேல் வைத்த சுரூபம் மாதிரி. தலையைச் சுற்றி வட்டம் ஒன்றுதான் இல்லை.

“கிட்ட வராதீங்க. கீழ பூரா தீர்த்தம்.”

“சாமியாரைக் கேக்க முடியல” என்றாள் மனைவி. “பிள்ளைங்க வரிசை கோயில் வாசல் வரைக்கும் நிக்குது. என்ன பாவம்தான் பண்ணுதுங்களோ, ஒவ்வொண்ணும் உள்ள போனா வெளிய வர்றதில்ல. இவளுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு.”

மகள் வாசற்படியிலேயே நின்றாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நீலமாகிக்கொண்டிருந்த தன் கவுனைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“அப்பா, நான் சாமியார்கிட்ட ஒண்ணு சொன்னேன்.”

“அதை வெளிய சொல்ல வேண்டாம் கண்ணு. அது ரகசியம்.”

“உங்ககிட்டயும் சொல்லச் சொன்னார். அதுதான் எனக்கு அபராதம்.”

“சொல்லு.”

“அந்தப் பாட்டில்ல இருக்கிறது தீர்த்தம் இல்லப்பா. நாம இங்க வந்தப்ப சாமியார் குடுத்தார்ல, அதை நான் மறுவாரமே காலி பண்ணிட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு நம்ம சமையல்கட்டுக் குழாய்ல பிடிச்சு வெச்சுட்டேன்.”

“காலி பண்ணினியா? என்ன செஞ்ச?”

“பொம்மைங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தேன்.”

அரைச்சாமி மெஷின் மேலிருந்தபடியே முன்னால் குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “என்ன வார்த்தை சொல்லி ஊத்தின?”

“ஏங்க” என்றாள் மனைவி, “முதல்ல கீழ இறங்குங்க.”

அரைச்சாமி இறங்கினார். வெறும் தண்ணீரில், வெறும் காலோடு, சளக் சளக்கென்று நடந்துபோய் பிளக்கைச் செருகினார். மெஷின் காலையிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் கடகடவென்று சாக்கடைக்கு அனுப்பியது. பாத்திரத் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கினார். அது ஏப்பம் விட்டது. டாய்லெட்டின் கட்டை அவிழ்த்து, விடுதலையான சந்தோஷத்தில் ஒருமுறைக்கு இருமுறை ஃபிளஷ் பண்ணினார். தரைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளிச் சாக்கடைக்கே அனுப்பினார். பாட்டிலில் மீதி இருந்ததையும் விடவில்லை, அதையும் கவிழ்த்தார். குழாய்களைத் திறந்துவிட்டு வீடு முழுவதையும் மறுபடி கழுவினார். அன்று முழுவதும் கண்ணில் படாத பரிசுத்தம் இப்போது வேண்டுமானால் கொஞ்சம் இருந்தது: மகள் பக்கெட்டைப் பிடித்தாள், மனைவி பழந்துணியைப் பிழிந்தாள், யாரும் யாரையும் திட்டவில்லை.

கவுனை மெஷினிலிருந்து மனைவிதான் எடுத்தாள். வாளியில் போட்டு மறுபடி மறுபடி அலசி, விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். நீலம் எங்கேயும் திட்டாக நிற்கவில்லை. ஒரே சீராக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு லேசாக ஏறி, நீலம் போட்டு வெளுத்ததுபோல் முன்னைவிடப் பளீரென்று இருந்தது. பழச்சாறுக் கறையைக் காணவில்லை. வக்கீலின் சட்டைதான் கொஞ்சம் பரிசுத்தமாகிவிட்டது; நீலம் பாதி போய்விட்டது.

“மாதா கலர்” என்றாள் மகள், கவுனைத் தொட்டுப் பார்த்து. முகத்தில் நாளைய பூசை வந்துவிட்டிருந்தது.

அரைச்சாமி ஈரத் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து சிரித்தார். “வெறும் தண்ணி. காலையிலருந்து வெறும் குழாய்த் தண்ணிக்கு நான் பயந்திருக்கேன்.”

“அந்த வெறும் தண்ணியிலதான் நான் இத்தனை வருஷமா இந்த மடத்தை நடத்துறேன்” என்றாள் மனைவி.

அவர் ஆமோதிக்க வாயைத் திறந்தபோது குழாய் இருமியது. தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றுபோனது. அதே சமயம் காலிங் பெல் அடித்தது.

வாட்ச்மேன் மூச்சிரைக்க நின்றார். மொட்டைமாடியிலிருந்து நேராக இறங்கி வந்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

“தொட்டி பூரா காலி சார், எல்லாத்தையும் சாக்கடையிலயா விட்டீங்க? போன மாசம் உங்க சாமியார், ‘ஒரு இடம் விடக் கூடாதுன்னு உத்தரவு’ன்னு சொல்லி மேல ஏறி வந்து அந்தத் தொட்டித் தண்ணியை மொத்தமா மந்திரிச்சுக் குடுத்ததுலருந்து, ஒரு சொட்டு வீணாயிடக் கூடாதுன்னு நான் என் செடிக்குக்கூடத் தெருக்குழாய்லதான் பிடிச்சு ஊத்துறேன்.”